வருமுன் காக்கும் மொழி

ஒரு குளத்தில் வாழ்ந்த மூன்று மீன்களின் கதையை நீங்கள் சிறு வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். வருமுன் காப்போன், வரும்போது காப்போன், வந்தபின் காப்போன் என்பன அவற்றின் பெயர்கள். வலைஞர் வரப்போகிறார் என்று கேள்வியுற்ற அன்றே முதல் மீன் வேறு நீர்நிலைக்குச் சென்றுவிட்டது. இரண்டாவது மீன் வலையில் அகப்பட்ட கணத்தில் செத்ததுபோலக் கிடந்து தப்பியது. மூன்றாவது மீனின் கதி உங்களுக்குத் தெரியும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மீன்களைப் பற்றியதன்று. கணினிக்கு ஆணையிடும் நிரல்களை எழுதப் பயன்படும் மொழிகளைப் பற்றியது. ஆயினும் இத்துறையின் அறுபது ஆண்டு வரலாற்றை எண்ணும்போதெல்லாம் எனக்கு அம்மூன்று மீன்களே நினைவுக்கு வருகின்றன.

விமானத்தைச் செலுத்தும் நிரல், ரயிலை நிறுத்தும் நிரல், வங்கியின் இரகசியத்தைக் காக்கும் நிரல் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். இவை தவறினால் உயிர் போகும், பொருள் போகும், சில சமயம் மானமும் போகும். இத்தகைய நிரல்களை எந்த மொழியில் எழுதுவது? எந்த மொழியில் எழுதினால் என்ன, எழுதுகிறவன் கவனமாக எழுதினால் போதாதா என்பது ஒரு சாராரின் வாதம். மனிதன் தவறுகிறவன், ஆகையால் தவறுக்கு இடங்கொடாத மொழியே வேண்டும் என்பது மற்றொரு சாராரின் வாதம். நான் நெடுங்காலம் பிள்ளைகளின் கணக்குத் தாள்களில் ‘கவனம் தேவை’ என்று சிவப்பு மையால் எழுதி வந்தவன். ஆகவே தொழில்முறையில் முதற் சாராரைச் சேர்ந்தவன் என்றே சொல்ல வேண்டும். என் எண்ணத்தை மாற்றியது வரலாறுதான். அந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எலியட் பிரதர்ஸ் என்னும் கணினி நிறுவனத்தில் டோனி ஹோர் என்ற இளைஞர் பணியாற்றி வந்தார். ஆல்கால் 60 என்ற மொழியில் எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி பெயர்த்துத் தரும் கருவியை அமைப்பது அவர் பொறுப்பு. அவர் ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டார். நினைவகத்தில் பத்துப் பெட்டிகள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியவர் மறதியாகப் பதினோராவது பெட்டியைக் கேட்டுவிட்டால், கணினி அங்கேயே நின்று, ‘அப்படியொரு பெட்டி இல்லை’ என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் இவ்வாறு சரிபார்த்தால் வேகம் குறையும்; இடமும் சற்று அதிகம் வேண்டும். பிற்காலத்தில் அந்நிறுவனத்தார் தம் வாடிக்கையாளரிடம், ‘இந்தக் காவலை நிறுத்திவிட வசதி செய்து தரலாமா?’ என்று கேட்டனர். வேண்டவே வேண்டாம் என்று அனைவரும் ஒருமுகமாக மறுத்துவிட்டனர். தங்கள் நிரல்களில் இத்தகைய பிழைகள் எவ்வளவு மலிந்திருந்தன என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். இஃது இரண்டாவது மீனின் வழி. தவறு நேரும்போதே தடுத்துக்கொள்வது.

ஆனால் வரலாறு நேர்வழியில் செல்வதில்லை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்ற அறிஞர் சி என்னும் மொழியை உருவாக்கினார். 1973-இல் யூனிக்ஸ் என்ற இயக்க அமைப்பின் உட்கரு அம்மொழியில் திருப்பி எழுதப்பட்டது. சுருக்கம், வேகம், எந்தக் கணினிக்கும் எளிதில் பொருந்தும் தன்மை ஆகிய மூன்றும் சி மொழியின் சிறப்புகள். ஆனால் அதில் காவற்காரன் இல்லை. பத்துப் பெட்டிகள் இருக்கும் இடத்தில் பதினோராவது பெட்டியில் ஒன்றை வைக்கச் சொன்னால், சி மொழி அதை அண்டை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடும். இதற்காக ரிட்சியைக் குறை கூறுதல் நியாயமன்று. இன்று நீங்கள் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அவருடைய கணினியின் நினைவகம் கொள்ளாது. அவ்வளவு சிறிய வீட்டில் காவற்காரனுக்கு அறை ஒதுக்குவது எப்படி? ஒரு சிறு குழுவினர் தம் பயனுக்காகச் செய்த கருவி, பின்னர் உலகம் முழுவதற்கும் அடித்தளமாயிற்று. அடித்தளமான பின்னும் காவல் சேர்க்கப்படவில்லை என்பதுதான் நாம் வருந்த வேண்டிய செய்தி.

அதே காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு வேறொரு கவலை ஏற்பட்டது. அத்துறையின் கருவிகளில் வழங்கிய நிரல்மொழிகளையும் அவற்றின் கிளைமொழிகளையும் கணக்கெடுத்தபோது அவை சுமார் 450 என்று தெரியவந்தது. ஒரு கப்பலின் நிரலைப் படிக்கத் தெரிந்தவருக்கு மற்றொரு கப்பலின் நிரல் புரியாது. எழுதியவர் வேலையை விட்டுப் போனால் அந்நிரலும் ஊமையாகிவிடும். ஆகவே 1975-இல் ஒரு குழு அமைத்தனர். அக்குழு செய்த முதற்காரியம் போற்றத்தக்கது. எந்த மொழி நல்லது என்று உடனே விவாதம் தொடங்காமல், நமக்கு வேண்டுவது என்ன என்று எழுதத் தொடங்கியது. எழுதியதைப் பலருக்கும் அனுப்பிக் குறை கேட்டது. திருத்தி மீண்டும் எழுதியது. அந்த ஆவணங்களுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் சுவையானவை. முதலாவது வைக்கோல் மனிதன். அடுத்தது மர மனிதன். பின்னர்த் தகர மனிதன், இரும்பு மனிதன். முடிவாக 1978-இல் எஃகு மனிதன். தட்டினால் சாயும் வைக்கோற் பொம்மை, தட்டத் தட்டத் திருந்தி எஃகாயிற்று. கட்டுரை எழுதும் மாணவர் ஒவ்வொருவரும் பின்பற்றத்தக்க முறை இது.

வழக்கில் இருந்த மொழிகளை அத்தேவைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒன்றும் தேறவில்லை. எனவே புதுமொழி ஒன்றை வகுக்கும்படி நான்கு குழுக்களுக்குப் பணி தரப்பட்டது. யார் எழுதியது என்று தெரிந்தால் நடுவர் மனம் சாயுமன்றோ? ஆகையால் குழுக்களின் பெயரை மறைத்து, பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என நிறங்களால் குறித்தனர். தேர்வுத் தாளில் பெயருக்குப் பதிலாக எண் இடுவதைப் போன்றதே இது. 1979 மே மாதத்தில் பச்சை வென்றது. அதனை வகுத்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் ழான் இஷ்பியாவும் அவருடைய குழுவினரும். மொழிக்கு அடா என்று பெயர் சூட்டினர். பாபேஜ் திட்டமிட்ட கணிப்பு இயந்திரத்தைப் பற்றி 1843-இல் விளக்கக் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையாரின் நினைவாக வைத்த பெயர் அது. அம்மையார் பிறந்தது 1815 டிசம்பர் 10. அம்மொழியின் தர ஆவணத்துக்கு 1815 என்றே எண் கொடுத்து, 1980 டிசம்பர் 10 அன்று அதற்கு ஒப்புதல் வழங்கினர்.

அடா மொழியின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ‘மதிப்பெண் என்பது 0 முதல் 100 வரை உள்ள முழு எண்’ என்று அம்மொழியில் முன்னரே அறிவித்துவிடலாம். பிறகு யாரேனும் 105 என்று இட முயன்றால் மொழியே தடுக்கும். மதிப்பெண்ணையும் மாணவனின் வயதையும் தெரியாமல் கூட்ட முற்பட்டால், இரண்டும் எண்களே ஆயினும் வகை வேறு என்று சொல்லி, நிரல் ஓடத் தொடங்குமுன்பே மறுத்துவிடும். போயிங் 777 விமானத்தின் நிரல்களில் பெரும்பகுதி அடாவில் எழுதப்பட்டது.

எனினும் அடாவுக்கு எதிராக எழுந்த குரல்களில் உரத்த குரல் யாருடையது தெரியுமா? முன்னர்ச் சொன்ன ஹோருடையதுதான். 1980-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் பரிசைப் பெற்று ஆற்றிய உரையில், பெட்டிகளைச் சரிபார்த்த தம் பழைய அனுபவத்தை அவர் நினைவுகூர்ந்தார். இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் மொழி வகுப்போர் அந்தப் பாடத்தைக் கற்கவில்லையே என்று வருந்தினார். அடாவில் அளவுக்கு மிஞ்சிய உறுப்புகள் சேர்ந்துவிட்டன. முழுவதும் விளங்காத மொழியில் எழுதியதை நம்பி உயிரை ஒப்படைக்கலாகாது. தேவையற்றதைக் கத்தரித்தால் நல்லதொரு பகுதி எஞ்சும் என்றும் எச்சரித்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் ஸ்பார்க் என்னும் மொழி உருவாயிற்று. அடாவின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுதிய நிரல் குறித்த வகைப் பிழைகளற்றது என்று கணிதத் தேற்றம்போல நிறுவ இடம் தருவது அது. எதிர்த்தவரின் அறிவுரை இவ்விதம் பயன் தந்தது.

இதற்கிடையே சி மொழியின் காவலற்ற கதவை ஒருவர் தட்டிப் பார்த்தார். 1988 நவம்பர் 2 அன்று மாலை, அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி மாணவர் விட்ட சிறு நிரல் ஒன்று கணினிக்குக் கணினி தாவிப் பரவியது. மோரிஸ் புழு என்று அதனை அழைப்பர். அது நுழைந்த வழிகளுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் வரியை வாங்கி வைக்க ஒரு நிரலில் 512 எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். வாங்கும் பணியைச் செய்தது சி மொழியின் நூலகத்தில் இருந்த கெட்ஸ் என்னும் சிறு கருவி. தன் கையில் உள்ள பாத்திரம் எவ்வளவு பெரியது என்று கேட்கும் வழக்கம் அதற்கில்லை. புழு 536 எழுத்துகளை அனுப்பியது. வழிந்த எழுத்துகள், ‘அடுத்து எங்கே செல்வது’ என்று கணினி குறித்து வைத்திருந்த இடத்தின்மேல் படிந்து, அங்கே புழுவின் கட்டளையை எழுதிவிட்டன. அந்நாளில் இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் ஏறக்குறைய 6,000 பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டனர். இதில் நாம் வியக்க வேண்டியது வேறொன்று. அந்தக் கெட்ஸ் என்ற கருவி சி மொழியின் தர ஆவணத்திலிருந்து நீக்கப்பட்டது 2011-இல். இடைப்பட்ட 23 ஆண்டுகளும் நிரலாளரிடம், ‘அதைப் பயன்படுத்தாதே, கவனமாக இரு’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் சிவப்பு மையைப் போல.

அப்படியானால் நல்ல மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கவலையில்லையா? அவசரப்பட வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் புதிய ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. முதன்மை இயந்திரம் பற்றவைக்கப்பட்ட சுமார் 37 விநாடிகளில் அது வழிதவறிச் சாய்ந்து, உடைந்து, வெடித்தது. அதிலிருந்த நான்கு ஆராய்ச்சிச் செயற்கைக்கோள்களும் அழிந்தன. அதன் திசையறியும் கருவியின் நிரல் எழுதப்பட்டிருந்த மொழி எது? அடாதான்!

நிகழ்ந்தது இது. முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டில் நன்றாக உழைத்த நிரலை அப்படியே எடுத்துப் புதிய ராக்கெட்டில் வைத்தனர். அதில் ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்துக்கு மாற்றும் வரி ஒன்று இருந்தது. அந்த இடம் 32,767-க்கு மேற்பட்ட எண்ணை ஏற்காது. பழைய ராக்கெட்டில் அந்த அளவைத் தாண்ட வழியில்லை. புதியது வேகமிக்கது, தாண்டிவிட்டது. இவ்வாறு ஆபத்துள்ள இடங்கள் ஏழு என்று முன்பே கண்டிருந்தனர். கணினியின் சுமையைக் குறைக்க எண்ணி நான்குக்கு மட்டும் பாதுகாப்புச் செய்து, மூன்றை விட்டுவிட்டனர். விட்ட மூன்றில் ஒன்றே காலனாயிற்று. மொழி தன் கடமையைச் செய்தது. ‘தவறு’ என்று கூவியது. கூவினால் என்ன செய்வது என்று மனிதர் வகுத்திருந்த ஏற்பாடோ, கருவியை நிறுத்திவிடுவது. பறக்கும் ராக்கெட்டில் நிறுத்திவிட்டால் யார் வழிகாட்டுவது? மாற்றுக் கருவி ஒன்று இருந்தது. அதிலும் அதே நிரல். எனவே அதுவும் கணநேரம் முன்னதாகவே நின்றிருந்தது. இதில் வேதனை என்னவென்றால், ஏரியான் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கீட்டுக்குப் பயனே இல்லை.

இந்நிகழ்ச்சியைக் காட்டி, ‘பார்த்தீர்களா, மொழியால் ஆவது ஒன்றுமில்லை’ என்று வாதிடுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. காவற்காரன் குரல் கொடுத்தும் வீட்டார் செய்யவேண்டியதைச் செய்யாவிட்டால், காவலே வீண் என்பது முடிவாகாது. காவலோடு யோசனையும் வேண்டும் என்பதே முடிவு.

அமெரிக்க அரசு அடாவைக் கட்டாயமாக்கியிருந்தது. 1997-இல் அக்கட்டாயத்தைக் கைவிட்டது. கல்லூரிகளில் கற்றவர் தொகையும் சந்தையில் மலிந்த கருவிகளும் சி மொழியின் பக்கமே இருந்தன. எனவே வங்கியும் அஞ்சலும் மருத்துவமனையும் நம்பும் இணையம், பெரும்பாலும் காவலற்ற மொழியின்மேலேயே எழுந்தது. அதன் விலை 2014 ஏப்ரல் 7 அன்று தெரிந்தது. இணையத்தில் இரகசியம் காக்கும் ஓபன் எஸ்எஸ்எல் என்ற நிரல் தொகுப்பில் ‘ஹார்ட்பிளீட்’, அதாவது இதயக் கசிவு, என்று பெயர் பெற்ற பிழை அன்று வெளியாயிற்று. அது மிகவும் எளிய பிழை. இரு கணினிகள் தொடர்பில் இருக்கும்போது, ‘உயிரோடிருக்கிறாயா? இந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்’ என்று ஒன்று மற்றொன்றைக் கேட்கும். ‘வணக்கம் என்று சொல், அஃது ஐந்தெழுத்து’ என்றால் அது வணக்கம் என்று சொல்லும். ‘வணக்கம் என்று சொல்; அஃது அறுபதாயிரம் எழுத்து’ என்று பொய் சொன்னால் என்ன நேரும்? அது வணக்கம் என்று தொடங்கி, நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் வாரி ஒப்பித்தது. கடவுச்சொல்லும் இரகசியத் திறவுகோலும் அதில் கலந்திருக்கலாம். 2012 முதல் ஈராண்டுகள் யாரும் அறியாமல் இப்பிழை உறங்கியது. அறிந்தபின் ஒட்டுப்போட்டார்கள். இது மூன்றாவது மீனின் வழி.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். கூட்டல் கணக்கில் பிள்ளைகள் இலக்கங்களை இடம் மாற்றி எழுதித் தவறுவது வழக்கம். பல்லாண்டு கண்டித்தும் குறையவில்லை. ஒரு முறை கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, ஒரு கட்டத்தில் ஓரிலக்கம் என்று எழுதச் சொன்னேன். கண்டிக்கும் வேலையே பெரும்பாலும் இல்லாமற் போயிற்று. பிள்ளைகள் திடீரென்று கவனசாலிகள் ஆகிவிடவில்லை. தாள் மாறியது, அவ்வளவே. அந்தத் தாளை முன்பே கொடுத்திருக்கலாமே, எத்தனை பிள்ளைகளை வீணில் வைதேன் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

நிரலாளருக்கு அத்தகைய கட்டத்தாள் ஒன்றைச் செய்ய முனைந்தவர் கிரேடன் ஹோர் என்ற கனடா நாட்டு இளைஞர். முன்னர்ச் சொன்ன ஹோர் வேறு, இவர் வேறு. 2006-இல் வான்கூவர் நகரில் அவர் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் லிப்ட், நிரற்கோளாறு காரணமாக நின்றுவிட்டதென்றும், படியேறியபோது பிறந்த சினமே ஒரு புதுமொழிக்கு வித்திட்டதென்றும் கூறுவர். அம்மொழியே ரஸ்ட். மோசில்லா நிறுவனம் ஆதரவளிக்க, பலர் கூடி உழைத்து, 2015 மே மாதத்தில் அதன் முதல் முழுப்பதிப்பு வெளிவந்தது. அதன் அடிப்படை விதி நூலக விதி போன்றது. நினைவகத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் உரியவர் ஒருவரே. பலர் ஒரே நேரத்தில் படிக்கலாம்; ஆனால் ஒருவர் திருத்தி எழுதும்போது வேறெவரும் தொடலாகாது. உரியவர் போனபின் அப்பொருளை எவரும் கேட்கலாகாது. இவ்விதிகள் மீறப்பட்டனவா என்று நிரல் ஓடுவதற்கு முன்பே மொழிபெயர்க்கும் கருவி ஆராய்ந்து, மீறியதை மறுத்துவிடும். முன்பே அறியமுடியாத பெட்டி எண் போன்றவற்றை ஓடும்போது சரிபார்க்கும். முதல் மீனும் இரண்டாவது மீனும் இங்கே கைகோத்து நிற்கின்றன. வேகமோ ஏறத்தாழச் சி மொழியின் வேகமே.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2019-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். தாம் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை என்பது அதன் முடிவு. உலகின் தேர்ந்த நிரலாளர் எழுதியும் இந்நிலை. 2022 நவம்பரில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையும், 2024 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையின் இணையப் பாதுகாப்பு அலுவலகமும், நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறுங்கள் என்று அறிவுறுத்தின.

என்னிடம் படித்து இன்று இத்தொழிலில் இருக்கும் ஒருவர் அண்மையில் கேட்டார்: “ஐயா, பழைய மொழியில் எழுதியவை கோடிக்கணக்கான வரிகள். அத்தனையையும் திருப்பி எழுத யாரால் முடியும்?” நியாயமான கேள்வி. அதற்கு விடை ஆண்ட்ராய்டின் வரலாற்றில் இருக்கிறது. அங்கே பழையதை இடித்துக் கட்டவில்லை. புதிதாக எழுதுவதை மட்டும் மேன்மேலும் பாதுகாப்பான மொழிகளில் எழுதினர். 2019-இல் பாதுகாப்புக் குறைகளில் 76 விழுக்காடாக இருந்த நினைவகப் பிழைகளின் பங்கு, 2024-இல் 24 விழுக்காடாகக் குறைந்ததென்று கூகிள் நிறுவனம் அறிவித்தது. இனி எழுதுவதை நன்றாக எழுதுவோம் என்ற உறுதியே பாதி வெற்றி.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் ஒருவர் மருத்துவமனைக் கருவிக்கோ ரயில் சைகைக்கோ நிரல் எழுத நேரலாம். அன்று, ‘எனக்கு எந்த மொழி நன்றாகத் தெரியும்?’ என்பதை முதற்கேள்வி ஆக்காதீர்கள். இந்நிரல் தவறினால் யாருக்குத் துன்பம் வரும்? என்னென்ன வகையில் நான் தவறக்கூடும்? அவற்றுள் எதனை இம்மொழி முன்னரே பிடிக்கும், எதனை நேரும்போது பிடிக்கும், எதனைப் பிடிக்கவே பிடிக்காது? எனக்குப் பின் வருகிறவர் இதைப் படித்துத் திருத்த இயலுமா? இவற்றைக் கேளுங்கள். பிடிக்காது என்று தெரிந்ததற்கு ஏரியானை நினைத்து வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

காவலுள்ள மொழியை விரும்புவது திறமைக் குறைவு என்று சிலர் நகைப்பர். நானும் தவறுவேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் அடக்கம் அது. அந்த அடக்கம் உள்ளவன் கையில் நம் உயிரை ஒப்படைக்கலாம்.